தந்தையை வளர்த்த பிள்ளைகள்

பிள்ளையைத் தந்தை வளர்க்கிறான் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. பிள்ளையும் தந்தையை வளர்க்கின்றது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. நேயர்களே, இவ்விரண்டாவது செய்திக்குச் சான்றாக ஒரு மனிதரின் இல்வாழ்க்கையை இன்று நோக்குவோம். உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்ள்ஸ் டார்வினே அம்மனிதர். விஞ்ஞானியான டார்வினைப் பள்ளி மாணவரும் அறிவர். தந்தையான டார்வினை அறிந்தோர் சிலரே.

1838ஆம் ஆண்டு. ஐந்தாண்டுக் கடற்பயணத்தை முடித்து இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்த டார்வினுக்கு அப்போது வயது 29. மணம் செய்வதா, தனித்து வாழ்வதா என்னும் ஐயம் அவரை வருத்திற்று. ஒரு தாளை எடுத்தார். மணத்துக்குச் சார்பான காரணங்களை ஒருபுறமும், எதிரான காரணங்களை மறுபுறமும் எழுதினார். பிள்ளைகளால் வரும் செலவும் கவலையும், நூல் வாங்கப் பணம் போதாமற் போகும் என்ற அச்சமும் அத்தாளில் இடம்பெற்றன. எல்லாவற்றினும் மேலாக, காலம் வீணாகிவிடுமே என்று அவர் கலங்கினார். ஆயினும் முதுமையில் தனிமையாக இருத்தலை எண்ணிப் பார்த்தபோது மனம் மாறிற்று. 1839ஆம் ஆண்டு சனவரியில் எம்மா என்பவரை மணந்தார். நம்மவர் முறையிற் சொன்னால், எம்மா அவருக்கு மாமன் மகள்.

அவ்வாண்டு திசம்பர் 27ஆம் திகதி மூத்த மகன் வில்லியம் பிறந்தான். காலம் வீணாகும் என்று அஞ்சியவர், அக்குழந்தையின் செயல்களைக் குறித்து வைக்கத் தொடங்கினார். பிறந்து ஏழு நாளான குழந்தையின் உள்ளங்காலைக் காகிதத் துண்டினால் தொட்டார். குழந்தை காலை வெடுக்கென இழுத்துக்கொண்டது. நான்கரை மாதத்தில், கண்ணாடியிலே தெரிந்த தன் உருவத்தையும் தந்தையின் உருவத்தையும் மெய்யென எண்ணிக் குழந்தை நகைத்தது. தந்தையின் குரலோ பின்புறத்திலிருந்து வந்தது. அது கேட்டு வியப்புற்றது. பிள்ளைகளுள் ஒன்று எழுபத்தேழு நாட் குழந்தையாக இருந்தபோது, அவருடைய சட்டைக்கை அதன் ஒரு கண்ணில் தற்செயலாகப் பட்டுவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. ஆனால் பட்ட கண்ணில் மாத்திரமே நீர் பெருகிற்று. மற்றக் கண் உலர்ந்தே இருந்தது. கண்ணீர் எப்போது, எதனாற் பெருகுகின்றது என்னும் ஆராய்ச்சிக்கு அச்சிறு நிகழ்ச்சி துணைசெய்தது. 1872இல் அவர் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில் இத்தகைய வீட்டுக் காட்சிகளும் இடம்பெற்றன.

பிள்ளையை உற்று நோக்குதல் ஒன்று. பிள்ளையைத் திருத்துதல் வேறொன்று. வில்லியத்துக்கு இரண்டரை வயது கடந்த காலம். உணவறையிலிருந்து வந்த சிறுவனின் கண்கள் வழக்கத்துக்கு மாறாக ஒளிர்ந்தன. சீனியை எடுத்து உண்டிருந்தான். இன்னொரு நாள் தன் மேலாடையை மிகக் கவனமாகச் சுருட்டிப் பிடித்தபடி வந்தான். அதிலே ஊறுகாய்ச் சாற்றின் கறை இருந்தது. அதை மறைக்கவே சுருட்டிப் பிடித்திருந்தான். பிரம்பை எடுக்கும் தந்தையர் மலிந்த காலம் அது. டார்வினோ, பிள்ளையின் நல்லுணர்ச்சிகளைத் தூண்டுதல் ஒன்றையே வழியாகக் கொண்டார். விரைவிலேயே அவன் உண்மையும் ஒளிவுமறைவின்மையும் உள்ளவனாக மாறினான் என்று அவரே பின்னர் எழுதினார்.

இப்பொறுமை எளிதில் வந்ததன்று. டார்வினின் தந்தை பெயர் பெற்ற வைத்தியர், பேருருவம் படைத்தவர். வேட்டையிலும் நாய்களிலும் பொழுதைக் கழித்து நீ குடும்பத்துக்கே இழுக்குத் தேடுவாய் என்னும் கருத்தில், ஒருநாள் மகனைக் கடிந்துகொண்டார். தம் தந்தை மிக அன்பானவர் என்றே டார்வின் பிற்காலத்தில் எழுதினார். ஆயினும் 67ஆம் வயதில் தன் வரலாற்றை எழுதியபோதும் அக்கடுஞ்சொல்லை அவர் மறந்தாரல்லர். தந்தையொருவன் சினத்தில் உதிர்க்கும் சொல் ஓர் ஆயுட்காலம் நின்று ஒலிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இன்பம் கற்பித்த பாடம் இவ்வாறாக, துன்பம் கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. டார்வினுக்குப் பத்துப் பிள்ளைகள். அவருள் மூவர் இளமையிலேயே மறைந்தனர். மூத்த மகள் ஆனி பத்து வயதில் நோயுற்றாள். மோல்வேண் என்னும் ஊரிலே சிகிச்சை நடந்தது. தாய் எம்மா நிறைமாதக் கர்ப்பிணி; அவரால் வரவியலவில்லை. தந்தையே மகளின் படுக்கையருகில் இருந்து, நோயின் நிலையை மனைவிக்கு நாடோறும் எழுதினார். 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் 23ஆம் திகதி ஆனி கண்மூடினாள்.

ஒரு வாரம் சென்றபின் டார்வின் அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அவை அச்சுக்காக எழுதப்பட்டவையல்ல. தந்தைக்காக மூக்குத்தூளில் ஒரு சிட்டிகை எவரும் அறியாமல் எடுத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடிவரும் சிறுமியை அதிலே காண்கிறோம். பிறரை மகிழ்விக்கும் மகிழ்ச்சியே அவள் மேனியெங்கும் ஒளிர்ந்ததாம். முதுமையில் தங்களைத் தாங்குவாள் என்று நம்பியிருந்த பிள்ளை அவள்.

இத்துயரம் அவர் நெஞ்சை இறுகச் செய்யவில்லை, இளகச் செய்தது. 1863ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான தாவரவியலறிஞர் ஊக்கரின் ஆறு வயது மகள் இறந்தாள். இறந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊக்கர் எழுதுகோலை எடுத்து டார்வினுக்கு எழுதினார். உலகறிந்த ஒரு விஞ்ஞானிக்கு எழுதிய கடிதம் அன்று அது. மகளை இழந்த தந்தையொருவர் அத்துயரை அறிந்த இன்னொரு தந்தைக்கு எழுதியது.

டவுண் என்னும் கிராமத்திலிருந்த அவர் வீட்டில், வேலை நேரம் புனிதமானது என்பதைப் பிள்ளைகள் அறிவர். ஆயினும் கத்தரிக்கோல், நூல், சுத்தியல் என ஏதேனுமொன்றைத் தேடி அவர்கள் படிப்பறைக்குள் அடிக்கடி புகுவர். இனி வராதிருக்க முடியாதா, பலமுறை இடையூறு நேர்ந்துவிட்டதே என்று அவர் பொறுமையுடன் கேட்பாரேயன்றிச் சினந்து விரட்டுவதில்லை. வண்டுத்தேனீக்கள் பறந்து செல்லும் வழியை அறிய விரும்பியபோது, அப்பிள்ளைகளையே தோட்டத்தில் ஆங்காங்கு நிறுத்திக் காவல் பார்க்கச் செய்தார். அவர்களுள் ஜோர்ஜ், பிரான்சிஸ், ஓரஸ் ஆகிய மூவர் பின்னர் அரச கழகத்தின் உறுப்பினராயினர்.

ஒருநாள் நான்கு வயது மகனொருவன் அவ்வறைக்குள் வந்தான். தன் கையிலிருந்த ஆறு பென்சு நாணயத்தை நீட்டினான். வேலையை விட்டுத் தன்னோடு விளையாட வருவதற்கு அவன் கொடுக்க முன்வந்த கூலி அது.

நேயர்களே, பிள்ளைகளாற் காலம் வீணாகும் என்று 1838இல் ஒரு தாளில் எழுதிய மனிதரின் காலத்துக்கு, ஒரு சிறுவன் தன் கையிலிருந்த காசை விலையாக நீட்டினான். நம் வீடுகளிலும் இத்தகைய சிறு கைகள் நாளும் நீளுகின்றன. அவற்றில் நாணயம் இருப்பதில்லை. ஆதலால் அவை நம் கண்ணிற் படாமற் போகின்றன. மாலையில் வீடு திரும்பும் தந்தை அச்சிறு கையைக் கண்டு ஒரு நாழிகை அமர்ந்தால், அந்நாழிகையில் வளர்வது பிள்ளை மாத்திரமன்று.