புத்தகப் பேச்சைக் கேட்போம்



லயத்து வாசலில் ஒருவர் மகாபாரதம் வாசிக்க, சுற்றியிருந்து கேட்ட காலம் நம்ம மூத்தவங்களுக்குத் தெரியும். எழுத்துத் தெரியாதவங்களும் கதையை விட்டதில்லை. இப்போது கைத்தொலைபேசியில் அதுபோல ஒன்று கிடைக்கிறது. படித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு பேர் பேசிப் பதிவுசெய்கிறார்கள். பாட்காஸ்ட் என்று பெயர். ரேடியோ நிகழ்ச்சி அதன் நேரத்துக்கு ஓடிவிடும், நாம் மலையில் நிற்போம். இது நமக்காகக் காத்திருக்கும். டவுனுக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொண்டால், ராத்திரி ரொட்டி சுடும்போது கேட்கலாம். கொழுந்து எடுக்கும்போது மட்டும் வேண்டாம்; குளவி வந்தால் காது கேட்கணும்.

அண்மையில் 'எரியும் பனிக்காடு' நாவலைப் பற்றிய பேச்சொன்றைச் சேர்ந்திருந்து கேட்டோம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல், தமிழாக்கியவர் இரா. முருகவேள். மேஸ்திரி, அதாவது நம்ம பக்கத்துக் கங்காணி மாதிரி ஒருவர், காட்டிய ஆசையில் மலையேறி, முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டவங்க கதை. பேச்சு முடியுமுன்னே ஒரு பாட்டி, "அட, இது எங்க தாத்தா கதையாச்சே!" என்றார். பேசினவங்க சொன்ன ஒரு விசயத்தை, "அப்படியில்ல" என்று மறுத்தும் சொன்னார். புத்தகப் பேச்சின் ருசியே அதுதான், எதிர்த்துப் பேசத் தோணும்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல, பேத்தி கொப்பியில் எழுதினாள். நாலு பக்கம் வந்திருக்கிறது. நாவலையும் வாசிக்கணும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.