விருதும் உரிமையும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஆண்டுதோறும் குடியரசு தினத்தையொட்டி பத்ம விருதுகளும் இராணுவ வீரத்திற்கான விருதுகளும் அறிவிக்கப்படுகின்றன. விருது பெறுவோரின் தகுதி குறித்ததல்ல இங்கு எழும் கேள்வி. அரசு எதைப் பாராட்டுகிறது, பாராட்டிய கையாலேயே எதை மறுக்கிறது என்பதே கேள்வி.

பிரிட்டிஷ் ஆட்சி 'ராவ் பகதூர்', 'சர்' முதலிய பட்டங்களை வழங்கித் தனக்கான விசுவாசிகளை உருவாக்கியது. ஜாலியன் வாலாபாக் படுகொலையைக் கண்டித்து 1919இல் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டமோ, இராணுவ, கல்வித் தகுதிகள் நீங்கலாக வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என 18ஆவது பிரிவில் விதித்தது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 1954இல் தொடங்கப்பட்டன. 1977இல் ஜனதா அரசு அவற்றை நிறுத்தியது. 1980இல் இந்திரா காந்தி அரசு மீண்டும் கொண்டுவந்தது. இவை பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இ.எம்.எஸ். 1992இல் பத்ம விபூஷண் விருதையும், புத்ததேவ் பட்டாச்சார்யா 2022இல் பத்ம பூஷண் விருதையும் ஏற்க மறுத்தனர். மக்கள் பணிக்கு அரசின் முத்திரை தேவையில்லை என்பதே கம்யூனிஸ்ட் மரபு.

ஆனால் உழைக்கும் மக்களின் நிலை வேறு. இதுவரை வழங்கப்பட்ட 21 பரம் வீர் சக்ராக்களில் 14 வீரர்களின் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டவை. அத்தகைய தியாகத்தைப் போற்றும் அரசே 2022இல் அக்னிபாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்காண்டுப் பணி; அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினருக்கே நிரந்தர வாய்ப்பு; ஏனையோருக்கு ஓய்வூதியம் இல்லை.

கொரோனா காலத்தில், 2020 மே மாதம், விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா ஊழியர்களைக் கௌரவித்தது; பிரதமரும் பாராட்டினார். வீடு வீடாக நடந்த அந்தப் பெண்களோ அரசின் கணக்கில் இன்றும் 'தன்னார்வலர்கள்'. பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அளித்த பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது.

விருது அரசின் விருப்பம். ஊதியமும் ஓய்வூதியமும் உழைப்பவரின் உரிமை. விருப்பத்தைக் காட்டி உரிமையை மறைக்கும் அரசியலை அம்பலப்படுத்துவதும், அங்கீகாரம் கோரிப் போராடும் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களோடு தோளோடு தோள் நிற்பதும் ஒவ்வொரு கட்சி உறுப்பினரின் கடமையாகும்.