திருப்பணி காட்டும் வழி



கோலாலம்பூரில் 1929ஆம் ஆண்டு எழுந்த போக் மாளிகை, 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. தேசியப் பாரம்பரியச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே இயற்றப்பட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரமத்திற்கோ வேறு நிலை வாய்த்தது. இலங்கைத் தமிழர் 1904இல் நிறுவிய அவ்விடத்தில் 23 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானதும் பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர், ஆசிரமம் பிழைத்தது. சட்டத்தினும் வலிய காவல் மக்களின் விழிப்பே.

எனினும், அறப்பணிக்கும் பராமரிப்புக்கும் பொருள் வேண்டும். பெருகும் மக்களுக்கு இடமும் வேண்டும். ஆகம மரபும் புதுப்பித்தலை விலக்கவில்லை. ஆனால், பாலாலயத்தில் மூர்த்தியை எழுந்தருளச் செய்த பின்னரே திருப்பணி தொடங்குகிறது. காக்க வேண்டியதைக் காத்த பின்னரே கடப்பாரை எழ வேண்டும் என்பதே அதன் பாடம்.

காப்பார் வட்டாரத்து ஆலயங்கள் பல, தோட்டப் பாட்டாளிகள் தம் சொற்பக் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பியவை. பழைய மண்டபத்தை அகற்றுமுன், செப்பனிட்டால் நிலைக்குமா எனப் பொறியாளரிடம் கேட்டல், முழுமையாகப் படமெடுத்தல், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைப் பத்திரப்படுத்தல் ஆகிய மூன்றும் நிர்வாகத்தின் கடமைகள். புதிய கோபுரம் உயரட்டும். அடித்தளமிட்டோர் பெயர் அழியாதிருக்கட்டும்.