தோள்சீலை சொல்லும் கதை

(ஆண்டு விழாச் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஆள் பாதி, ஆடை பாதி" என்கிறோம். நம் குமரி மண்ணில் அந்த ஆடைப் பாதிக்காக அடிபட்டவர்கள் ஏராளம். அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது. அணிந்தால் சந்தையிலேயே கிழித்தெறிந்தார்கள். துணி மட்டுமா? குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக்கூட கூடாதாம்!

1822-ல் கல்குளம் பக்கம் கிளம்பிய கலகம் பல தடவை அடங்கி, பல தடவை வெடித்தது. 1859 ஜூலை 26-ல்தான் உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடைக்கு அனுமதி தந்தார். அதிலும் ஒரு கொக்கி: உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது!

இந்தக் கதை ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் ஆடை பற்றிய பாடத்தில் இருந்தது. 2019-ல் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். ஆகவே நண்பர்களே, இனி நாம்தான் சொல்லணும். நம் பேத்தி துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பும்போது, அது சும்மா வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.