பனியா, மழையா?



குளிர்காலத்தில் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ இமாசலப் பிரதேசத்திற்கு நீரைக் கொணர்கின்றன. கோதுமை உழவர் அவற்றை இடையூறு எனக் கருதுவதில்லை!

இப்பொழிவு மேகத்தில் பெரும்பாலும் பனிப்படிகமாகவே பிறக்கிறது. தரைவரை காற்று உறைநிலைக்குக் கீழிருப்பின் வெண்பனியாக விழும். இடையில் வெப்ப அடுக்கு குறுக்கிட்டால் உருகி மழையாகும். அத்துளி தரையருகே தடித்த குளிரடுக்கைக் கடப்பின் பனிக்கட்டி மணியாக இறுகும். அவ்வடுக்கு மெலிதாயின், குளிர்ந்த பாறையைத் தொட்டபின்னரே கண்ணாடிபோல் உறையும். ஆலங்கட்டி வேறு, அது இடிமேகத்தின் மேலெழு காற்றில் வளர்வது.

மழை விரைவில் ஓடிவிடும். வெண்பனியோ மலையில் தங்கி, கோடையில் உருகி, சட்லெஜ் வழியே பக்ரா நீர்த்தேக்கத்தை அடையும். உறைநிலை மட்டம் சரிவில் சிறிது உயர்ந்தாலும் அச்சேமிப்பு குறையும். ஆதலின், பொழிவின் அளவோடு வடிவத்தையும் பதிவு செய்யுமாறு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.