முன்கூறலும் முடிவும்

பூண்டுலோயாவின் தேயிலைச் சரிவுகளில் மாலை நிறுவை முடியும் வேளையில் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. பறித்த கொழுந்து குறித்த அளவை எட்டினால் முழுப் பேர். எட்டாவிடின் அரைப் பேர் என்பது தோட்டங்கள் நெடுங்காலமாக அறிந்த வழக்கு. கை அதுவே, கூடையும் அதுவே. ஆயினும் மழை கண்டு கொழுந்து தழைத்த வாரத்தில் ஒரு நிறை, வரட்சியில் வேறொரு நிறை. அப்படியாயின், ஒருநாள் நிறுவை காட்டுவது தொழிலாளியின் திறமையையா, அன்றைய நிலைமையையா? விளையாட்டுப் போட்டிகளின் முடிவை முன்கூட்டிக் கூற முற்படுவோரும் இவ்வினாவையே எதிர்கொள்கின்றனர்.

1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச் மாதம் 17ஆம் திகதி, லாகூர் நகரில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் இறுதி ஆட்டத்தில் மோதின. மலையகத் தமிழ் வம்சாவளியில் வந்த முத்தையா முரளிதரன் இலங்கை அணியில் இடம்பெற்றிருந்தார். முன்கூறுவோர் கையில் இரு சான்றுகள் இருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவுஸ்திரேலிய மண்ணில் நடந்த முத்தரப்புத் தொடரின் இறுதிச் சுற்றில் இலங்கை இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. டெஸ்ட் தொடரையும் 3–0 என்று இழந்திருந்தது. இது முதற் சான்று. 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதி ஆட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. இது இரண்டாவது.

நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, எதிரணியை முதலில் ஆட அழைத்தார். பழைய வழக்கை நம்பியவர் திகைத்திருப்பர். ஆனால் அன்றைய ஆட்டம் மின்னொளியில் முடிவதாகும். இரவில் பனி இறங்கும். ஈரமேறிய பந்தைச் சுழற்பந்து வீச்சாளர் இறுகப் பற்றுதல் அரிது. ஐந்து ஆட்டங்களின் வழக்கைவிட அன்றைய காரணமே கனமானது. ஐந்து என்பதுதான் எத்துணைச் சிறிய எண்! ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டினால், ஐந்து முறையும் ஒரே பக்கம் விழுதல் பதினாறில் ஒரு தடவை வெறும் தற்செயலாகவே நிகழக்கூடியது.

அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் பெற்றது. இலங்கையின் வெற்றியை எதிர்பார்த்தோரும் சனத் ஜயசூரிய, ரொமேஷ் களுவிதாரண ஆகியோரின் அதிரடித் தொடக்கத்தையே பெரிதும் நம்பியிருந்தனர். அவ்விருவரும் விரைவில் வெளியேறினர். 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகள் வீழ்ந்தன. பின்னர் அசங்க குருசிங்க 65 ஓட்டங்கள் எடுத்தார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. நம்பிய காரணம் தவறியும் முன்கூறல் பலித்தது. ஆகவே, பலித்த முன்கூறலெல்லாம் நல்ல முன்கூறல் அன்று. பொய்த்ததெல்லாம் மூடத்தனமும் அன்று.

இதனைக் கணிதம் இன்னும் தெளிவாக்கும். ஓர் அணி தன் எதிரணியை நூற்றுக்கு 60 தடவை வெல்லும் ஆற்றல் உடையது என்று கொள்வோம். ஒரே ஆட்டத்தில் முடிவு செய்தால், சிறந்த அவ்வணி நூற்றுக்கு 40 தடவை தோற்கும். மூன்று ஆட்டத் தொடராயின் அது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 65, ஐந்தாயின் 68, ஏழாயின் 71. ஏழு ஆட்டங்கள் வைத்த பின்னரும் நூற்றுக்கு 29 தடவை வலிமை குறைந்த அணியே கிண்ணத்தை ஏந்தும். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் இத்தகைய ஏழு ஆட்டத் தொடர்கள் உண்டு. 2001ஆம் ஆண்டில் சியாட்டில் மரினர்ஸ் அணி 162 ஆட்டங்களில் 116 ஆட்டங்களை வென்றது. ஆயினும் இறுதிக்கு முந்திய தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் அணியிடம் 4–1 என்று வீழ்ந்தது. நூற்றறுபது ஆட்டங்கள் கூறியதை ஐந்து ஆட்டங்கள் மறுத்துவிட்டன. எனினும் அவ்வாண்டு முழுவதும் அவ்வணி காட்டிய திறமை பொய்யாகிவிடவில்லை.

அவ்வாறாயின் முன்கூறல் வீண் முயற்சியா? அன்று. "இவ்வணியே வெல்லும்" என்பவர் சோதிடம் சொல்கிறார். "இவ்வணிக்கு நூற்றுக்கு 70 வாய்ப்பு" என்பவர் கணக்குச் சொல்கிறார். அவர் 70 என்று சொன்ன நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ எழுபது பலித்தால் அவர் கணக்கு நேரியது. நூறும் பலித்தால் அவர் தம் அறிவைக் குறைத்து மதிப்பிட்டார் என்பதே பொருள். எழுபது என்ற சொல்லில் முப்பது பொய்க்கும் என்னும் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது.

இவ்வெச்சரிக்கையைச் செவிமடுக்காதவரே சம்பள நாளில் பந்தயம் கட்டி, வீட்டு அரிசிக்குரிய பணத்தை இழக்கின்றனர். உறுதி என்று எண்ணிய வெற்றி கைநழுவியபின் ஆட்டக்காரரைத் தூற்றுவதாற் பயனில்லை. தவறு ஆட்டத்தில் இல்லை. வாய்ப்பை உறுதியென்று கொண்ட மனத்திலேயே உள்ளது.

விளையாட்டில் இத்தவறு நேர்ந்தால் ஒரு கிண்ணம் கை மாறும், அவ்வளவே. மனிதரை அளக்கும் இடத்தில் நேர்ந்தாலோ கூலி குறையும், வாழ்வு குன்றும். ஒரு தேர்வில் தவறிய மாணவனையும், ஒருநாள் நிறை குறைந்த தொழிலாளியையும் அந்த ஒன்றைக் கொண்டே தீர்ப்பிடுதல், ஒரே ஆட்டத்தால் ஓர் அணியின் தகுதியை முடிவு செய்தலை ஒக்கும். பல நாள் நிறுவையைப் பார்ப்பவனே கையின் திறமையை அறிவான்.