மீனவருக்கு நீரடிக் காமிரா

ஆஸ்திரிய நாட்டு ஹான்ஸ் ஹாஸ் 1957-58இல் ‘ஸாரிஃபா’ கப்பலில் நிக்கோபார்க் கடலைப் படம்பிடிக்க வந்தார். அன்று ஆராய்ச்சியாளர் கையிலிருந்த நீரடிக் காமிராவை இன்று நாம் தூண்டிற் படகிலும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்குகையில் படத்தின் பளபளப்பை விட, வடத்தின் நீளத்தையும் கருவி தாங்கும் ஆழத்தையுமே நாம் நோக்குவோம். செந்நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடும். 10 மீட்டருக்குக் கீழே சங்கரா மீனும் சாம்பல் நிறமாகவே தெரியும். விளக்கேற்றினால் நிறம் மீளும். ஆனால் மழைக்காலக் கலங்கலில் அவ்வொளி துகள்களிற் பட்டுத் திரையையே வெளுக்கச் செய்யும். அப்போது அணைத்துவிடுதலே நன்று.

மீன் தென்படாவிடினும் குறையில்லை. அடியில் இருப்பது மணலா, பவளமா என்று காட்டுகிறதே, அதுவே பெரும்பயன்! பவளமாயின் நங்கூரத்தை மணலுக்கு நகர்த்துவோம். வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடற்பூங்காவிலோ தூண்டிலுக்கே இடமில்லை.